பனியன் பெட்டியில் ஆஸ்டெக் கோயில் செய்வது எப்படி

கண்காட்சி என்றாலே எங்கள் அவிநாசிப் பக்கம் பிள்ளைகள் தாஜ்மகாலைத் தெர்மாகோலில் செய்து எடுத்து வருகிறார்கள். சமூக அறிவியல் டீச்சராக நான் சொல்வது, இந்த வருஷம் ஆஸ்டெக் மக்களின் பெரிய கோயிலைச் செய்யுங்கள். இன்றைய மெக்சிகோ நகரத்தின் நடுவில், அன்றைய அவர்கள் தலைநகர் டெனோச்டிட்லானில் இருந்தது. பழைய கோயிலை இடிக்காமல் அதையே மூடி அடுத்ததைக் கட்டினார்கள். இப்படி ஏழு கட்டம். அதனால் மாடலும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் அது வெறும் படிக்கட்டு மேடைதான்.

திருப்பூர் பனியன் கம்பெனிகள் கழித்துப் போடும் அட்டைப்பெட்டி போதும். ஏழும் வேண்டாம், மூன்று கூடு செய்யுங்கள். கடைசிக் கட்டக் கோயில் சுமார் 45 மீட்டர் உயரம், அடி சுமார் 80 மீட்டர் அகலம். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் வெளிக்கூட்டுக்குக் கணக்கு சரி. நான்கு அடுக்கு, மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும். உச்சியில் இரண்டு சன்னதி, ஒவ்வொன்றுக்கும் தனிப் படிக்கட்டு. கொடுமுடியில் ஈஸ்வரனும் பெருமாளும் ஒரே வளாகத்தில் இருப்பதைச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

படிகள் மேற்குப் பார்த்தவை. எதிரே நின்று பார்த்தால் இடது கை மழைக் கடவுள் த்லாலோக், நீலம் அடியுங்கள். வலது கை போருக்கும் சூரியனுக்கும் உரிய விட்சிலோபோச்ட்லி; சிவப்பு. படிக்குச் சார்ட்டை மடித்து ஒட்டுங்கள், நல்ல செங்குத்தாக. படியின் அடியில் களிமண்ணில் பாம்புத் தலைகள்.

அங்கே கட்டியது தெசோன்ட்லே என்ற எரிமலைக் கல்லில். சிவப்பாக, கனமில்லாமல் இருக்கும். ஏரிச் சேற்றில் நகரம் நின்றதால் மரக்கழிகளை அடித்து இறக்கி அதன் மேல் கட்டினார்கள். அப்படியும் பாரத்தில் அமிழ்ந்தது. செங்கல் பொடியை ஃபெவிகாலில் குழைத்துப் பூசினால் அந்தக் கல்லின் நிறம் வரும். அதன் மேல் சுண்ணாம்பு. பின்பக்கம் ஒரு மூலையைச் சுண்ணாம்பு பூசாமல் விடுங்கள், கல் தெரியட்டும்.

நடுக்கூட்டில் மெனக்கெடுங்கள். விட்சிலோபோச்ட்லி படியின் அடியில் ஒரு சோடா மூடியை ஒட்டுங்கள். உண்மையில் அந்த இடத்தில் கிடந்தது ஒரு வட்டச் சிற்பக் கல்; அதன் குறுக்களவு மூன்றேகால் மீட்டர், மூடி ஏறக்குறைய அதே கணக்கில் வரும். அதில் கை, கால், தலை துண்டான பெண்ணை வரையுங்கள்: கொயொல்ஷாவ்கி. தாயைக் கொல்ல வந்த அவளை, அந்த நொடியே ஆயுதத்தோடு பிறந்த தம்பி விட்சிலோபோச்ட்லி வெட்டி மலையிலிருந்து உருட்டிவிட்டான் என்பது கதை. கோயிலின் அந்தப் பாதிதான் அந்த மலை. பலியானவர்களின் உடலைப் படியில் உருட்டியதும் இதனால்தான். 1978-இல் மின்வாரியத் தொழிலாளர்கள் தோண்டும்போது இந்தக் கல் தட்டுப்பட்டது. அப்புறம்தான் தொல்லியலாளர் எதுவார்தோ மாதோஸ் மொக்தெசுமா தலைமையில் முழு அகழாய்வு நடந்தது.

பலியைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். சூரியன் நகர்வதற்கு மனித இரத்தம் வேண்டும் என்று நம்பினார்கள். மழைக்காகக் குழந்தைகளையும் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை நேராகச் சொன்னால் புரிகிறது. பயமுறுத்தும் கதையாக மட்டும் சொல்லாதீர்கள்.

உள்கூடு சிறியது, ஆனால் அதில்தான் சன்னதிகளே மிஞ்சியிருக்கின்றன. 1521-இல் தளபதி கொர்த்தேஸின் ஸ்பானியர்கள் நகரத்தைப் பிடித்த பின் வெளிக்கோயிலைத் தகர்த்தார்கள். இரண்டாம் கட்டக் கோயில் உள்ளே மூடிக் கிடந்ததால் தப்பியது. த்லாலோக் சன்னதி முன்னால் மல்லாந்து சாய்ந்து வயிற்றில் தட்டு ஏந்திய ஒரு சிலை, பக்கத்துச் சன்னதி முன்னால் பலிக்கல். இரண்டையும் களிமண்ணில் செய்து நன்றாகக் காய வையுங்கள்.

கூடுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடாதீர்கள். வெளிக்கூட்டின் இரண்டு பக்கமும் விரல் நுழையும் ஓட்டை போடுங்கள். பார்க்க வருகிறவர்கள் முன்னால் பிள்ளையே தூக்கிக் காட்ட வேண்டும்.