பிரேக் ஒயில் எங்கே போகிறது?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து வேலணைத் தீவுக்குக் காரில் படிப்பிக்கப் போய் வருகிறேன். பண்ணைப் பாலத்தால் தினமும் இரண்டு தரம், இரு பக்கமும் கடல். போன மாரியில் அல்லைப்பிட்டியில் ஒரு மாடு குறுக்கே வர, பிரேக்கை அமத்தினேன். கால் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாம் தரம் அமத்தத்தான் பிடித்தது. மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கு முன் ஒரு கராஜில் மூன்று மாதத்துக்குள் இரண்டு தரம் பிரேக் ஒயில் விட்டு அனுப்பியிருந்தார்கள். "கொஞ்சம் குறையத்தான் செய்யும் ரீச்சர்" என்றார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. முன் சில்லில் பிரேக் பாட் தேயத் தேய அதைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஒயில் நிரப்பும், பொனற்றுக்குள் இருக்கிற ஒயில் தாங்கியில் மட்டம் இறங்கும். ஆனால் அது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நடக்கிற விசயம். சில கிழமைக்குள் மேல் கோட்டில் இருந்து கீழ்க் கோட்டுக்கு வந்தால் அது ஒழுக்குத்தான். வகுப்பில் திரவ அமுக்கம் படிப்பிக்கிற எனக்கே இது மாடு வரும்வரை உறைக்கவில்லை.

சரி, தேடுவோம். இரவில் காரின் கீழே, நாலு சில்லுக்கும் எஞ்சினுக்கும் நேரே, கடதாசி மட்டை விரியுங்கள். விடியப் பாருங்கள். ஏசியில் வடிவது வெறும் தண்ணீர். எஞ்சின் ஒயில் கறுத்திருக்கும். பிரேக் ஒயில் புதிதில் வெளிர் மஞ்சள், பழசானால் தேத்தண்ணி நிறம். சந்தேகமென்றால் விரலில் தொட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். பிரேக் ஒயில் தண்ணீரோடு கலந்து போய்விடும், எஞ்சின் ஒயில் பிசுபிசுவென்று நிற்கும். பிரேக் ஒயில் பெயின்றை உரிக்கும், கண்ணுக்கும் கூடாது. அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மட்டை காய்ந்திருந்தால் ஒழுக்கு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். என்னுடையதும் காய்ந்துதான் இருந்தது. எஞ்சினை நிறுத்தி, பெடல் இறுகும்வரை நாலைந்து தரம் அமத்தி, பிறகு ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். கால் மெல்லக் கீழே போனால் ஒன்றில் ஒயில் எங்கோ வெளியேறுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே (பெடலை அமத்த ஒயிலைத் தள்ளுகிற சிலிண்டர்) ஒயிலை அடைக்கிற ரப்பர் கப்பைத் தாண்டிப் பின்னால் போகிறது. பின்னதில் தாங்கி மட்டம் குறையாது. மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு (பெடலுக்குப் பலம் கூட்டுகிற வட்டப் பெட்டி) சேரும் இடத்தில் ஈரம் இருக்கிறதா, அதற்குக் கீழே பெயின்ற் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே ஒழுகினால் பூஸ்டருக்குள் போய்விடும், நிலத்தில் ஒரு சொட்டும் விழாது.

அடுத்தது ஒவ்வொரு ரயரின் உட்பக்கம். என் அல்ரோவில் பின் இடது சில்லின் உட்பக்கம் மட்டும் தூசி பிடித்து ஈரமாக இருந்தது. முன் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஜக் அடித்து, ஸ்ராண்டில் நிறுத்தி (ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள்), ஹாண்ட் பிரேக்கை விட்டு ட்றம்மை (சில்லோடு சுற்றுகிற பிரேக் மூடி) கழற்றப் பார்த்தேன். கறல் பிடித்து வரமாட்டேன் என்றது. ட்றம்மில் இரண்டு மரை ஓட்டைகள் இருந்தால் அவற்றில் போல்ட் இரண்டை மாறி மாறி இறுக்குங்கள், தானாக வெளியே தள்ளும். உள்ளே, ட்றம்மில் உரசி நிறுத்துகிற பிரேக் சூக்களைத் தள்ளும் சில்லு சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல உயர்த்தினேன். ஒயில் வடிந்தது. மூன்று மாதத் துப்பறிதல் அங்கே முடிந்தது.

ரப்பர் கப் மட்டும் மாற்றலாம். ஆனால் சிலிண்டரின் உள்சுவரில் கறல் குழிகள் இருந்தால் புதுக் கப்பும் சில மாதத்தில் ஒழுகும். உப்புக்காற்றில் ஓடும் வண்டிக்கு முழுச் சிலிண்டரே என் தெரிவு, அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. ஒயில் ஊறிய பிரேக் சூவைக் கழுவிப் போட்டால் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும், புதிதே போடுங்கள். சிலிண்டருக்கு ஒயில் கொண்டுவரும் இரும்புப் பைப்பின் நட்டைச் சாதாரண ஸ்பனரால் திருகினால் மூலை உருண்டுவிடும். முதல்நாளே கறல் எடுக்கிற ஸ்பிறே அடித்து, பைப் நட்டுக்கென்றே உள்ள ஸ்பனரைப் பாவியுங்கள். பைப் கறள்தட்டி அரித்திருந்தால் ரப்பர் ரியூப்பும் கிளிப்பும் போட்டுச் சமாளிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். பைப்பையே மாற்றுங்கள்.

எந்த ஒயில் என்பது தாங்கியின் மூடியில் எழுதியிருக்கும், டொட் 3 அல்லது டொட் 4 என்று. டொட் 5 சிலிக்கன் வகை, அதைக் கலக்கக்கூடாது. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா தன் மொறிஸ் மைனரை மண்ணெண்ணெயில் ஓட்டினவர். ஆனால் பிரேக்குக்கு வேறு எந்த எண்ணெயும் விடச் சம்மதிக்கவில்லை. மண்ணெண்ணெயோ எஞ்சின் ஒயிலோ பட்டால் ரப்பர் கப் ஊதிக் கெட்டுவிடும், பிள்ளை, என்பார். திறந்து வைத்த பழைய போத்தலும் வேண்டாம், அந்த ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்திருக்கும்.

கடைசியாகக் காற்றெடுப்பது, அதாவது பைப்பைக் கழற்றும்போது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது. தம்பியைச் சாரதி இருக்கையில் இருத்தினேன். சில்லில் காற்றெடுக்கவென்றே உள்ள சிறு திருகாணியான நிப்பிளில் தெளிவான ரியூப்பை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஒயில் விட்ட போத்தலுக்குள் வைத்தேன். "அமத்து." அமத்தினான். கால்வாசிச் சுற்றுத் திறந்தேன், குமிழி வந்தது. மூடினேன். "விடு." நான் மூடுமுன் அவன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும்; முதல் மூன்று தரமும் அதுதான் நடந்தது, இரண்டு பேரும் சண்டை. நம்முடைய வலப்பக்கச் சாரதிக் கார்களில் வழமையான ஒழுங்கு பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. கைந்நூல் வேறு சொன்னால் அதன்படி செய்யுங்கள். இடையிடையே தாங்கியை நிரப்புங்கள், காலியானால் திரும்ப முதலில் இருந்து.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதில் கை வைக்க வேண்டாம். அவற்றில் பலவற்றின் பிரேக் அமைப்பில் கார் நின்ற பிறகும் அமுக்கம் இருக்கும், ஸ்கானர் உள்ள கராஜுக்குத்தான் போக வேண்டும்.

வேலை முடிந்ததும் சிந்திய இடத்தைத் தண்ணீரால் கழுவி, பெடல் கல்லுப்போல் நிற்கும்வரை அமத்தி, ஒழுங்கைக்குள்ளேயே மெல்ல ஓட்டிப் பார்த்தேன். பிறகு தாங்கியில் ஒயில் மட்டத்தில் ஒரு துண்டு ரேப் ஒட்டி, திகதி எழுதினேன். ஒவ்வொரு ஞாயிறும் பொனற்றைத் திறந்து பார்க்கிறேன். ஒயில் இன்னும் ரேப்புக்கு நேரேதான் நிற்கிறது.