ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளை: ஏசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

"வகுப்பில் ஓரிடத்தில் இருப்பதில்லை" என்று ரீச்சர் கொப்பியில் எழுதி அனுப்பினால், அன்றிரவே பிள்ளையை இருத்தி வைத்து விசாரிக்க வேண்டாம். ஏன் துடியாட்டமாய் இருக்கிறது என்று 6 வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. அதன் உடம்பையும் நாளையும் பார்த்துத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் காரணம் குழப்படி அல்ல. நித்திரை, கதிரை, பசி, விளங்காத பாடம் ஆகிய நான்கில் ஒன்றாகவோ இரண்டாகவோ அது இருக்கும்.

5 முதல் 8 வயது வரை கொஞ்சம் நெளிவதும் கால் ஆட்டுவதும் இயல்பு. முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் இந்த வயதில் விரைவாகக் களைத்துவிடும். அசைவு மூளையை விழிப்பாகவும் வைத்திருக்கும். காலை ஆட்டியபடியே கணக்கைச் சரியாகச் செய்து முடிக்கும் பிள்ளையை "ஆடாமல் இரு" என்று தடுத்தால், கவனம் முழுக்க ஆடாமல் இருப்பதற்கே போய்விடும்.

வகுப்பில் பிள்ளையின் வயதையும் பாருங்கள். தரம் 1இல் சேர ஜனவரி 31இல் 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். ஜனவரியில் 5 முடிந்த பிள்ளையும் அடுத்த மாதமே 6 முடியும் பிள்ளையும் ஒரே வாங்கில் இருப்பார்கள். இந்த வயதில் ஒரு வருட இடைவெளி மிகப் பெரியது. வகுப்பில் வயது குறைந்த பிள்ளைகளுக்கே மிகையியக்கம் என்ற பெயர் கூடுதலாக ஒட்டப்படுகிறது என்பது பல நாடுகளில் தெரிய வந்த உண்மை.

ஒரு கிழமை குறித்து வையுங்கள்

ஒரு பழைய கொப்பியில் நேரம், அப்போது நடந்தது, உடம்பு செய்தது, எதனால் அடங்கியது என்று நான்கு கோடு போடுங்கள். "மாலை 6.20, தமிழ் வாசிப்பு, கதிரையில் முழங்காலில் நிற்கிறது, தண்ணீர் குடிக்க இரண்டு தரம் எழும்பியது, கதையை நான் வாசித்தபோது அடங்கியது" என்பதுபோல எழுதினால் போதும். "இன்றைக்குச் சரியான குழப்படி" என்று எழுதினால் அதிலிருந்து எதுவும் தெரியவராது. சனி, ஞாயிறையும் சேர்த்துக் குறியுங்கள்.

ரீச்சரிடம் "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். "எந்தப் பாடத்தில், எத்தனை மணிக்கு, யாருக்குப் பக்கத்தில்?" என்று கேளுங்கள்.

வாசிக்கும்போது மட்டும் எழும்பி ஓடும் பிள்ளைக்கு வாசிப்பு கடினமாக இருக்கலாம், அல்லது கண் தெரியாமல் இருக்கலாம். கொழும்பில் இன்னொன்றும் உண்டு: வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், ஸ்கூல் வானில் சிங்களம். பாடம் நடக்கும் மொழி பாதிதான் விளங்கினால் எந்தப் பிள்ளையும் சன்னலைப் பார்க்கும், பென்சிலை உருட்டும். பாடசாலையில் மட்டும் துடியாட்டம் என்றால் காது, கண், பக்கத்தில் இருக்கும் பிள்ளை, கழிப்பறைக்குப் போகப் பயந்து அடக்கி வைத்திருப்பது எல்லாவற்றையும் யோசியுங்கள். எங்கும் எப்போதும் என்றால் முதலில் நித்திரையைப் பாருங்கள்.

நித்திரைக் கணக்கு

6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணித்தியால நித்திரை தேவை. ஸ்கூல் வான் 6 மணிக்கு வரும், 5.15க்கு எழும்ப வேண்டும் என்றால், மிகக் குறைந்த 9 மணித்தியாலத்துக்கே இரவு 8.15க்குப் பிள்ளை நித்திரையாகியிருக்க வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் 7 மணிக்கு டியூஷன் முடிந்து, குளித்து, சாப்பிட்டு, வீட்டுவேலை செய்து, போன் பார்த்துப் படுக்க 10 ஆகிவிடுகிறது. அப்போது மிஞ்சுவது ஏழே கால் மணித்தியாலம். நித்திரை போதாத பெரியவர் சோர்ந்து விழுவார். பிள்ளையோ சோர்வை வெல்ல இன்னும் வேகமாக ஓடும், கத்தும், சிணுங்கும். அதைத் தெம்பு என்று எண்ணிவிடுகிறோம்.

படுக்கும் நேரத்தை ஒரே நாளில் மாற்றினால் பிள்ளை இருட்டில் விழித்துக் கிடக்கும். மூன்று நாளைக்கு ஒரு தரம் 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டு வாருங்கள். படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே ரிவியும் போனும் நிற்கட்டும். முதல் வகுப்புப் பிள்ளைக்கு இரவு டியூஷன் தேவையே இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

நேரத்துக்குப் படுத்தும் காலையில் களைப்பாகவே எழும்பினால் இரவில் பாருங்கள். வாயைத் திறந்தபடி மூச்சு விடுவதும், குறட்டையும், மூச்சு நின்று திடுக்கிடுவதும் தொண்டைச் சதை அல்லது மூக்கின் பின்புறச் சதை வளர்ந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். இன்னொன்று கீரிப்பூச்சி. பகலில் கதிரையில் நெளிந்து, இரவில் பின்புறம் சொறிந்தால், நித்திரையாகி இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து ரோச் அடித்து ஆசனவாயைச் சுற்றிப் பாருங்கள். ஒரு சென்ரிமீற்றர் நீளத்தில் வெள்ளை நூல்போல நெளியும். பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுப்பதால்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது. வைத்தியரைக் கேட்டு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் எடுத்து, இரண்டு கிழமை கழித்து மீண்டும் எடுக்க வேண்டும். அன்றே நகம் வெட்டி, விரிப்புகளைச் சுடுதண்ணீரில் தோய்த்துவிடுங்கள்.

கதிரையை அளவுங்கள்

சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதும் பிள்ளையின் கால் தொங்கும். தொடையின் கீழ்ப்புறம் அழுந்தி வலிக்கும். பிள்ளை வழுகும், காலை மடித்து முழங்காலில் நிற்கும், கதிரைக் காலைச் சுற்றிப் பிடிக்கும். முழங்காலின் பின்பக்கத்திலிருந்து குதிக்கால் வரை அளவு நாடாவால் அளவுங்கள். அது 30 சென்ரிமீற்றர், கதிரை 45 சென்ரிமீற்றர் என்றால் காலுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு பெட்டி வேண்டும். மேசை நெஞ்சுக்கு வந்தால் இருக்கைக்கு மேல் 10 சென்ரிமீற்றர் கட்டியான மெத்தை வைத்து, காற்பெட்டியை 25 ஆக்குங்கள். பஞ்சு மெத்தை வேண்டாம். அதில் உடம்பு ஆடும். முழங்கையை மடித்தால் மேசை மட்டத்தில் இருக்க வேண்டும்.

கதிரையின் முன்கால் இரண்டிலும் பழைய சைக்கிள் ரியூப்பை இறுக்கிக் கட்டிவிட்டால், கால் அதைத் தள்ளி வேலை செய்யும், கை எழுதும். கையில் எதையாவது கொடுப்பதானால் சத்தம் வராதது, பார்க்கத் தேவையில்லாதது, ஒரு கைக்குள் அடங்குவது எதுவும் சரி. சுழலும் விளையாட்டுச் சாமான் உதவாது. கண் அதோடு போய்விடும்.

எழுத இருத்துமுன் உடம்பைப் பாவிக்க விடுங்கள். பிளாட்டில் முற்றம் இல்லை என்பது பெரிய குறைதான். ஆனாலும் மாடிப்படியில் தண்ணீர்ப் போத்தல் தூக்குவது, ரொட்டிக்கு மா குழைப்பது, சுவரை இரு கையாலும் 10 எண்ணும் வரை தள்ளுவது எல்லாம் தசைக்கு நல்ல வேலை. மொத்தத்தில் ஒரு நாளைக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் ஓட்டம் வேண்டும். காலிமுகத்திடலோ வெள்ளவத்தைக் கடற்கரையோ கிழமைக்கு ஒரு நாள் போனால் அது ஒரு நாள் பங்குதான். பிறகு 6 வயதுக்கு 10 நிமிடம், 8 வயதுக்கு 15 நிமிடம் எழுத்து. இடையில் 3 நிமிடம் எழும்பி அசைய விடுங்கள். அந்த 3 நிமிடத்தில் போன் கொடுத்தால் திரும்ப இருத்த முடியாது.

தண்டனையாக இடைவேளையை நிறுத்துவதுதான் மிகப் பெரிய தவறு. ஓடவே தேவைப்படும் பிள்ளையை ஓட விடாமல் வைத்தால் அடுத்த பாடம் இன்னும் மோசமாகும். கொப்பி விநியோகிக்கவும் பலகை துடைக்கவும் விடச் சொல்லி ரீச்சரைக் கேட்டுப் பாருங்கள்.

சாப்பாடு

தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டு போகும் வயிறு இடைவேளைக்கு முன்பே காலியாகிவிடும். அவித்த முட்டை, கடலை, பயறு நின்று பிடிக்கும். சீனி துடியாட்டத்தைத் தராது; பரிசோதித்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. பல்லுக்காகக் குறையுங்கள். சில செயற்கை நிறங்கள் சில பிள்ளைகளில் சிறிதளவு தூண்டுதல் தருகின்றன. தேத்தண்ணியில் கஃபீன் உண்டு; சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்தும் சரியாகச் சேராது. இரும்பு குறைந்தால் கவனமும் குறையும், இரவில் காலும் அடங்காது. ஆனால் இரத்தப் பரிசோதனை இல்லாமல் இரும்புப் பாணி வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

எப்போது வைத்தியரிடம்?

கைகால் திடீரென்று தானாக வெட்டி வெட்டி அசைந்து, எழுத்துக் கெட்டு, சாமான் கைநழுவி விழுந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். தொண்டை நோவுக்குப் பிறகு வரும் வாதக் காய்ச்சலின் அடையாளமாக அது இருக்கலாம், இதயத்தையும் பாதிக்கும். கணநேரம் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டால் கேட்காமல் போவதும் அப்படியே காட்ட வேண்டியது. மூச்சு இழுப்புக்கான (ஆஸ்துமா) சல்பியூட்டமோல் மருந்து கொடுத்த நாட்களில் மட்டும் நடுக்கமும் துடிப்பும் என்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகையியக்கக் குறைபாடு) என்பதை ஒரு நாள் பார்த்துச் சொல்ல முடியாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன் தொடங்கி, குறைந்தது 6 மாதம் நீடித்து, வீடு, பாடசாலை என்று இரண்டு இடங்களிலாவது வாழ்க்கையைக் குழப்ப வேண்டும். 6 வயதுக்குக் கீழே முதலில் தருவது பெற்றோருக்கான பயிற்சி, குளிசை அல்ல. பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த ஒரு கிழமைக் கொப்பி, ரீச்சர் எழுதித் தந்த குறிப்பு, குடிக்கும் மருந்துகளின் பெயர்கள், குறட்டை இருந்தால் போனில் எடுத்த அரை நிமிட வீடியோ ஆகியவற்றைக் கொண்டு போங்கள். பிள்ளைக்கு முன்னால் வைத்தியரிடம் முறைப்பாடு சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுங்கள்.