மருந்து போட்டு சிடி ஸ்கேனா? கழுத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்

மேலூரில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்குப் பல வருடமாகக் கழுத்தில் சின்னக் கழலை (தைராய்டு வீக்கம்) ஒன்று உண்டு, வலியில்லை என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. பங்குனியில் வயிற்றுவலிக்காக மதுரைக்குக் கூட்டிவந்து படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து (கான்ட்ராஸ்ட்) போட்டு சிடி ஸ்கேன் எடுத்தோம். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு படபடப்பு, கை நடுக்கம், விடாத வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் ஆள் இளைத்துக்கொண்டே போனார். "வெயில்தான்ப்பா, வேறென்ன" என்று மோராகக் குடித்துத் தள்ளினார். டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்த பிறகுதான் தைராய்டு தறிகெட்டு ஓடுவது தெரிந்தது.

காரணம் அந்த ஊசி மருந்தில் இருக்கும் அயோடின். நாளொன்றுக்கு நமக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஒரு தடவை ஏற்றும் மருந்தில் தனியாகப் பிரிந்து நிற்கும் அயோடின் மட்டுமே சுமார் 13,500 மைக்ரோகிராம், அதாவது மூன்று மாதத் தேவை மொத்தமாக உள்ளே போகிறது. நல்ல தைராய்டு இதைச் சமாளித்துவிடும். கழலையோ கிரேவ்ஸ் நோயோ (தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய்) இருந்தால் ஹார்மோன் எக்கச்சக்கமாகச் சுரக்கலாம், ஹாஷிமோட்டோ (சுரப்பி மெல்லத் தேய்ந்துபோகும் நோய்) இருப்பவர்களுக்கும் சுரப்பியில் பாதியை எடுத்தவர்களுக்கும் நேர்மாறாகக் குறைந்துபோகலாம்.

அதனால் ஸ்கேனுக்கு எழுதிக்கொடுக்கும் டாக்டரிடமும், ஊசி போடும் இடத்திலும், தைராய்டு தொல்லை இருப்பதை, கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆஞ்சியோகிராமுக்கும் இதே வகை மருந்துதான். கழலை உள்ளவர்கள், அதிலும் இதயக்கோளாறும் சேர்ந்த வயதானவர்கள், முன்கூட்டியே டிஎஸ்ஹெச் பார்த்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே தைராய்டு அதிகம் என்றால் தள்ளிப்போடலாமா, அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ போதுமா என்று கேளுங்கள் (எம்ஆர்ஐக்குப் போடுவது காடோலினியம், அதில் அயோடின் கிடையாது). கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், அது ஓரிரு மாதம் தள்ளிப்போகும். ஆனால் மாரடைப்பு, விபத்து மாதிரி அவசரத்தில் இதையெல்லாம் சொல்லி ஸ்கேனை மறுக்காதீர்கள், உயிர்தான் முதலில். வழக்கமாகப் போடும் தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டு மாத்திரையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

ஸ்கேன் எடுத்த தேதியை வீட்டு காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பெரும்பாலும் தொல்லை 2 முதல் 12 வாரத்துக்குள் தலைகாட்டும், அதற்குள் நமக்கு ஸ்கேன் எடுத்ததே மறந்துபோயிருக்கும், எங்களுக்கு மறந்த மாதிரி. மேலே சொன்ன வகையில் இருப்பவர்கள் எந்த வாரம் டிஎஸ்ஹெச்சும் ஃப்ரீ டி4-உம் (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன் அளவு) பார்ப்பது என்று அன்றைக்கே கேட்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சும்மா சோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேபில் சொல்லுங்கள், அது ரிசல்ட்டைக் குழப்பும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஊசி போட்டிருந்தால் மூன்று வாரத்துக்குள் தைராய்டைப் பார்க்கச் சொல்லி 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியது.

வயதானவர்களுக்கு நடுக்கம் வராமல், வெறும் அசதியும் உடல் மெலிவும் தாறுமாறான நாடித்துடிப்புமாகவே இருக்கலாம். ஹார்மோன் குறைந்துபோனால் மலச்சிக்கல், தூக்கக்கலக்கம், எடை கூடுதல். இரண்டுமே பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் தானாக அடங்கும், படபடப்புக்கு மட்டும் கொஞ்ச நாள் மாத்திரை தருவார்கள். பக்கத்து வீட்டு மதினியின் தைராய்டு மாத்திரையைக் கடன் வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காய்ச்சலோடு பிதற்றல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல், பெரியாஸ்பத்திரியோ பக்கத்தில் எதுவோ, அப்போதே கிளம்புங்கள், ஸ்கேன் தேதி எழுதிய சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு.