பிரவுசரில் கேம் நின்று நின்று ஓடுகிறதா? ஒவ்வொன்றாகச் சரிசெய்வோம்

"வளைவில திரும்பக்குள்ள கார் நிண்டு நிண்டு ஓடுது சித்தி." பெறாமகன் இதைச் சொன்னபோது நான் திருகோணமலை மனையாவெளியில் அக்கா வீட்டில் இருந்தேன். அவனிடம் இருப்பது எட்டு வருடப் பழைய லப்டொப். பெரிய கேம்களை நிறுவ அதில் இடமில்லை; குரோமில் ஓடும் கேம்கள்தான் அவனுக்குக் கிடைத்த விளையாட்டுத் திடல். அன்று பின்னேரம் இருவரும் செய்ததை அதே ஒழுங்கில் எழுதுகிறேன். காசு எதுவும் தேவையில்லை.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். தனியாக விளையாடும் கேமிலும் படம் திக்கினால் கோளாறு கணினியில். படம் வழுக்கிக்கொண்டு ஓட, மற்ற ஆட்டக்காரர்கள் மட்டும் இங்கிருந்து அங்கே பாய்ந்தால் கோளாறு இணையத்தில். இரண்டாவதற்கு பிரவுசர் செட்டிங்ஸ் உதவாது: ரௌட்டருக்குப் பக்கத்தில் இருங்கள், முடிந்தால் கேபிள் போடுங்கள். சேர்வரை, அதாவது கேமை நடத்தும் தூரத்துக் கணினியை, தெரிவுசெய்யக் கேம் இடம் தந்தால் மும்பை, சிங்கப்பூர் போன்ற கிட்டிய ஊரை எடுங்கள்.

படி 1: கிராபிக்ஸ் அக்செலரேஷன். ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள். பெரும்பாலான திரைகள் செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகின்றன. அதாவது ஒரு படத்தை வரைய ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன்தான் இருக்கிறது. இன்றைய பிரவுசர் கேம்கள் பல வெப்ஜிஎல் என்ற பிரவுசர் வசதி வழியாக கிராபிக்ஸ் சிப்பைக் கொண்டே படம் வரைகின்றன. இந்த செட்டிங் அணைந்திருந்தால் முழுச் சுமையும் கணினியின் பிரதான சிப்பான சிபியுவின் தலையில் விழும். நேரத்துக்குள் வரைந்து முடியாத படங்கள் தவறிப்போகும். கண்ணுக்கு அது திக்கலாகத் தெரியும்.

குரோமின் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, செட்டிங்ஸ், பிறகு சிஸ்டம் என்று போங்கள். அங்கே "யூஸ் கிராபிக்ஸ் அக்செலரேஷன் வென் அவைலபிள்" என்ற வரி இருக்கும். அதை இயக்கி, ரீலோஞ்ச் அழுத்துங்கள். அவனுடைய லப்டொப்பில் இது அணைந்துதான் கிடந்தது. பயர்பொக்ஸில் ஜெனரல் பக்கத்தின் பெர்போமன்ஸ் பகுதியில் தேடுங்கள். இயக்கிய பிறகு திரை மினுங்கினாலோ கறுத்தாலோ கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் பழையதாக இருக்கலாம். அதைப் புதுப்பித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. முன்பு பிரவுசர் கேம்களை ஓட்டிய ஃபிளாஷ் என்ற மென்பொருளை நிறுவச் சொல்லும் தளத்தை உடனே மூடுங்கள். 2020 டிசம்பர் 31 உடன் அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. இன்று அந்தப் பெயரில் வரும் கோப்பை நம்பவே கூடாது.

படி 2: சார்ஜரைச் செருகுங்கள். பற்றரியில் ஓடும்போது விண்டோஸும் குரோமின் எனர்ஜி சேவரும் வேகத்தைக் குறைக்கக்கூடும்.

படி 3: ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் குரோமின் டாஸ்க் மனேஜர் வரும். எந்த டாப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்த்த துணை மென்பொருள்) எவ்வளவு மெமரி தின்கிறது என்று அதில் தெரியும். வேண்டாததை மூடுங்கள். எக்ஸ்டென்ஷன் மீது சந்தேகமென்றால் இன்கொக்னிட்டோ ஜன்னலில் கேமைத் திறந்து பாருங்கள். நீங்களாக அனுமதிக்காவிட்டால் எக்ஸ்டென்ஷன்கள் அங்கே இயங்கா. பரீட்சித்துப் பார்க்க மட்டும்தான் அந்த ஜன்னல். மூடியதும் கேமின் சேமிப்பும் போய்விடும்.

சேமிப்பு என்றதும் மனம் கனக்கிறது. "எல்லாவற்றையும் கிளியர் பண்ணு, வேகம் வரும்" என்று பல மாதங்களுக்கு முன் அவனுக்குச் சொன்னவள் நான்தான். குக்கீஸ், சைட் டேட்டா என்ற பெட்டியையும் சேர்த்து அழித்தான். கணக்குத் திறக்காமல் விளையாடும் பல கேம்கள் தங்கள் சேமிப்பை வைத்திருப்பது அதற்குள்தான். அவன் கட்டியெழுப்பியிருந்த நகரம் முழுவதும் போனது. அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். கேஷ் படங்களை, அதாவது மறுபடி இறக்காமலிருக்கப் பிரவுசர் வைத்திருக்கும் பிரதிகளை, அழிப்பதும் வீண்தான்: கேம் எல்லாவற்றையும் மறுபடி இறக்கும், டேட்டாதான் கரையும்.

படி 4: சூடு. தொடக்கத்தில் நன்றாக ஓடி, கால் மணி நேரத்தில் திக்கத் தொடங்கினால் இதைச் சந்தேகியுங்கள். சூடேறிய சிபியு தன்னைக் காக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் திருகோணமலையில் இது இன்னும் மோசம். மெத்தையில் வைத்தால் காற்றுத் துளை அடைபடும். மேசையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு கொப்பிகளால் உயர்த்துங்கள். கடலோர வீடென்றால் உப்புக் காற்றோடு தூசும் சேர்ந்து விசிறியில் படியும். திருத்துபவரிடம் கொடுத்து இடைக்கிடை துப்புரவாக்குங்கள். அக்கா வீட்டு லப்டொப்பின் விசிறியிலிருந்து பஞ்சுபோல் ஒரு கட்டித் தூசு வந்தது.

ஒவ்வொரு படிக்குப் பிறகும் அதே கேமை, அதே இடத்தில் விளையாடிப் பாருங்கள். நாங்கள் அந்த ஒரே வளைவில்தான் காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.