என்விடியா டிரைவர் போட்டும் வேலை செய்யவில்லையா? செக்யூர் பூட்டைப் பாருங்கள்

உபுண்டு லினக்ஸில் என்விடியா கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை நிறுவி ரீஸ்டார்ட் செய்தும் திரை பழைய ரெசல்யூஷனிலேயே நிற்கிறதா? உடனே டிரைவரை அழித்து மறுபடி நிறுவாதீர்கள். டெர்மினலில் ‘சூடோ மோட்புரோப் என்விடியா’ என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று வந்தால் டிரைவரில் குறை இல்லை. தடுப்பது செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் கணினி தொடங்கும்போது அனுமதிக்கும் பாதுகாப்பு வசதி.

செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போது, தெரிந்த டிஜிட்டல் சாவியால் கையொப்பமிடாத மாட்யூலை (டிரைவர் போன்ற இணைப்புத் துண்டை) கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, ஏற்றாது. டிகேஎம்எஸ் என்ற கருவி உங்கள் கணினியிலேயே மாட்யூலை உருவாக்கி, அங்கேயே உண்டாக்கிய சாவியால் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியை நீங்கள்தான் ஒருமுறை பதிவு செய்ய வேண்டும்.

‘சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ’ கட்டளையைக் கொடுங்கள். கடவுச்சொல் கேட்கும்; 8 எழுத்துகளுக்குக் குறையக் கூடாது. இந்தக் கடவுச்சொல் கணினி அடுத்த முறை தொடங்கும்போது மட்டும்தான் தேவை. சிறப்புக் குறிகள் வேண்டாம், ஏனெனில் அப்போது வரும் நீலத் திரையில் கீபோர்டு அமெரிக்க அமைப்பில் இருக்கும்.

ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை வரும். பலரும் சறுக்குவது இங்கேதான்: 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தாவிட்டால் நேராக பூட் ஆகிவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். கீயை அழுத்தியதும் வரும் பட்டியலில் இந்த வரிசையில் போங்கள்: ‘என்ரோல் மோக்’ (உங்கள் சாவியைப் பதிவு செய்), ‘கன்டினியூ’, ‘யெஸ்’, கடவுச்சொல், ‘ரீபூட்’.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாமே என்று தோன்றும். அதே கணினியில் பிட்லாக்கர் (டிஸ்க்கை மறைகுறியாக்கும் வசதி) போட்ட விண்டோஸ் இருந்தால், அடுத்த முறை அது ரிகவரி கீ கேட்டு நிற்கக்கூடும்.