ஸ்கில்லா, பெர்க்கா: புள்ளியைச் செலவழிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

ரோல்பிளேயிங் வீடியோ கேம்களில் பாத்திரத்தை வளர்க்க ஸ்கில் (ஒரு திறனின் எண்) முக்கியமா, பெர்க் (நாமே தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்) முக்கியமா? கோலாலம்பூரின் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு மாமாக் கடையில் இரவு 11 மணிக்கு இந்தச் சண்டை தொடங்கினால், தே தாரிக் ஆறிப்போகுமே தவிர முடிவு வராது. “ஸ்கில்லை நூறாக்கிட்டா போதும்லா, பெர்க் எதுக்கு?” என்பார் ஒருவர். “பெர்க் இல்லாத ஸ்கில் வெறும் நம்பர்” என்பார் எதிரில் இருப்பவர். இருவர் சொல்வதும் சரிதான். ஒருவர் மனத்தில் ஓடுவது ஃபால்அவுட்: நியூ வேகாஸ், மற்றவர் மனத்தில் ஸ்கைரிம். ஆகவே புள்ளியைத் தொடும் முன் கேமிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே ஸ்கில் எண் வாசலா (குறிப்பிட்ட எண்ணை எட்டினால்தான் பலன்), பெருக்கலா (ஒவ்வொரு புள்ளிக்கும் சிறிது பலன்)?

வாசல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு 2010இல் வந்த நியூ வேகாஸ். மிக எளிய பூட்டுகளை விட்டுவிட்டால், மற்றவை 25, 50, 75, 100 என நான்கு படிகளில் இருக்கும். பூட்டுத் திறக்கும் ஸ்கில்லான லாக்பிக் 74இல் நின்றால் 75 பூட்டைத் தொடக்கூட முடியாது. அந்தப் பூட்டைப் பொறுத்தவரை 50ம் 74ம் ஒன்றே. எல்ஆர்டி ரயில் நிலைய வாசலில் கார்டில் காசு குறைந்தால், எவ்வளவு குறைகிறது என்று கதவு பார்ப்பதில்லை அல்லவா, அந்தக் கதைதான். பேச்சுத் திறனும் இப்படியே. உரையாடல் வரியிலேயே தேவையான எண்ணைக் காட்டிவிடும்.

ஒவ்வொரு லெவலுக்கும் கிடைப்பது 10 புள்ளி, அதோடு இன்டெலிஜென்ஸில் (பாத்திரத்தின் அறிவு எண்) பாதி. இன்டெலிஜென்ஸ் 6 என்றால் 13. இந்த 13ஐ ஆறு ஸ்கில்களுக்கு இரண்டிரண்டாகத் தூவுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. எல்லா எண்ணும் ஏறும், எந்த வாசலும் திறக்காது. ஒன்றைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். அதிலும் வாசல்வரை போக வேண்டியதில்லை. கேமுக்குள் கிடைக்கும் ஸ்கில் பத்திரிகை ஒன்றைப் படித்தால் சிறிது நேரத்துக்கு +10 கிடைக்கும். எனவே 75க்கு 65 போதும், 100க்கு 90 போதும். காம்ப்ரிஹென்ஷன் பெர்க் இருந்தால் அது +20 ஆகும். அப்போது 55, 80 என்று நிறுத்திக்கொள்ளலாம். பூட்டின் முன் நின்றபின் படியுங்கள். வழியிலேயே படித்துவிட்டு நடந்தால் போய்ச் சேர்வதற்குள் நேரம் தீர்ந்துவிடும். பேச்சுக்கு என்றால் ஆளிடம் வாய் திறப்பதற்கு முன்.

இந்த கேமில் பெர்க் இரண்டு லெவலுக்கு ஒன்றுதான். ஆகவே எதை எடுக்கிறோம் என்பதைவிட எப்போது எடுக்கிறோம் என்பது பெரிது. எஜுகேட்டட் பெர்க் லெவலுக்கு 2 புள்ளி கூடுதலாகத் தரும். லெவல் 4இல் எடுத்தால் 30 வரை 26 லெவல், 52 புள்ளி. லெவல் 20இல் எடுத்தால் வெறும் 20. சேமநிதிக் கணக்குப் போலத்தான்: முதலில் போட்டவனுக்கே லாபம். இன்டெலிஜென்ஸ் 4 இல்லையென்றால் இது கிடைக்காது என்பதைக் கதாபாத்திரம் உருவாக்கும்போதே நினைவில் வையுங்கள்.

ஸ்கைரிமுக்கு (2011) வந்தால் கணக்கு தலைகீழ். அங்கே 18 ஸ்கில்கள், லெவலுக்கு ஒரு பெர்க். ஒற்றைக் கை ஆயுதத்தில் ஸ்கில் ஒரு புள்ளி ஏறினால் சேதம் அரை விழுக்காடுதான் கூடும். ஆர்ம்ஸ்மன் பெர்க்கோ ஒவ்வொரு படிக்கும் 20 விழுக்காடு தரும். ஐந்து படி எடுத்தால் இரண்டு மடங்கு. அடிப்படைச் சேதம் 7 உள்ள இரும்பு வாளை வைத்துப் பாருங்கள். ஸ்கில் 100, பெர்க் எதுவும் இல்லை: 7 × 1.5 = 10.5. ஸ்கில் வெறும் 20, ஆர்ம்ஸ்மன் இரண்டு படி: 7 × 1.1 × 1.4 = 10.78. எண்பது புள்ளி உழைப்பை இரண்டு பெர்க் முந்திவிடுகிறது. ஸ்கில் 100ம் ஆர்ம்ஸ்மன் ஐந்து படியும் சேர்ந்தால் 21.

அதற்காக ஸ்கில்லை ஒதுக்கிவிட முடியாது. ஆர்ம்ஸ்மனின் இரண்டாம் படிக்கு ஸ்கில் 20 வேண்டும், பிறகு 40, 60, 80. ஸ்மிதிங் (கொல்லு வேலை) 60 ஆனால்தான் ஆர்க்கேன் பிளாக்ஸ்மித் எடுக்கலாம். அது இல்லாமல் மந்திரம் ஏற்றிய ஆயுதத்தை மேம்படுத்தவே முடியாது. என்சான்டிங் (பொருளில் மந்திரம் ஏற்றுதல்) 100இல் கிடைக்கும் எக்ஸ்ட்ரா எஃபெக்ட் ஒரே பொருளில் இரண்டு மந்திரம் ஏற்ற விடும். இந்த கேமில் ஸ்கில் என்பது பெர்க்குக்கான நுழைவுச்சீட்டு என்று எடுத்துக்கொள்வது நல்லது.

டிஸ்ட்ரக்‌ஷன் மந்திரத்தில் ஏமாறாதவர் குறைவு. ஸ்கில் ஏறினால் மேஜிக்கா (மந்திர சக்தி) செலவு குறையும். நெருப்பின் சேதம் ஒரு துளியும் கூடாது. சேதம் கூட ஆக்மென்டட் ஃபிளேம்ஸ் வேண்டும், முதல் படி 25 விழுக்காடு, இரண்டாவது 50. மந்திரவாதி பாத்திரம் லெவல் 30 தாண்டியதும் நோஞ்சானாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

லாக்பிக்கிங் பெர்க்கில் புள்ளி போட வேண்டாம். இங்கே ஸ்கில் 15 இருந்தாலும் மாஸ்டர் பூட்டைத் திறக்கலாம். குச்சி நிறைய உடையும், அவ்வளவே. நியூ வேகாஸ் பழக்கத்தில் வந்தவர்கள் இங்கே ஐந்தாறு பெர்க்கை வீணாக்குகிறார்கள். ஒரே பெயர், இரண்டு கேமில் இரண்டு வேலை.

இன்னொரு பொறி: எந்த ஸ்கில் ஏறினாலும் உங்கள் மொத்த லெவலும் ஏறும், பல இடங்களில் எதிரிகள் அந்த லெவலைப் பார்த்தே வருவார்கள். பேரம் பேசியும் பூட்டுத் திறந்தும் லெவல் 25 ஆகிவிட்டு வாள் ஸ்கில் 30இல் நின்றால், சாதாரணக் கொள்ளையனிடமே உதை வாங்க வேண்டியதுதான். இதைச் சரிசெய்யக் காசு இருந்தால் போதும். பயிற்சியாளரிடம் லெவலுக்கு 5 முறை பயிற்சி பெறலாம். பயன்படுத்தாமல் விட்ட முறை அடுத்த லெவலுக்குச் சேராது, எனவே லெவல் ஏற்றும் முன் வாளிலோ கவசத்திலோ ஐந்தையும் முடித்துவிடுங்கள். பெர்க் புள்ளியைச் செலவழிக்காமல் சேர்த்தும் வைக்கலாம். தேவையான ஸ்கில்லுக்கு இரண்டு புள்ளி குறைகிறது என்பதற்காகக் கண்ணில் பட்டதை எடுக்க வேண்டாம்.

பால்டர்ஸ் கேட் 3இல் (2023) பெரும்பாலான வகுப்புகளுக்கு இந்தக் கேள்வி லெவல் 4, 8, 12 என மூன்று முறை வரும்: திறன் எண்ணில் +2 எடுப்பதா, ஃபீட் (பெர்க் போன்ற சிறப்புத் திறன்) எடுப்பதா? கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற ஃபீட்டைப் பாருங்கள். குறியில் 5 குறையும், சேதத்தில் 10 கூடும். 20 முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணும் 5 விழுக்காடு, ஆக 25 விழுக்காடு இழப்பு. பெரிய வாளும் ஸ்ட்ரெங்த் (உடல்வலு எண்) 16ம் உள்ளவருக்குச் சராசரிச் சேதம் 10. எதிரிமேல் சுட்டியை வைத்தால் வெற்றி வாய்ப்பு தெரியும். அது 65 என்றால், ஸ்ட்ரெங்த் +2 எடுத்தால் 70 விழுக்காடு × 11 = 7.7; ஃபீட் எடுத்தால் 40 விழுக்காடு × 20 = 8. அதுவே 55 என்றால் 60 விழுக்காடு × 11 = 6.6, ஃபீட்டுக்கு 30 விழுக்காடு × 20 = 6. கோடு 60க்கும் 65க்கும் நடுவில் விழுகிறது. கிரிட்டிக்கலை (சேதம் கூடுதலாக விழும் அதிர்ஷ்ட அடி) இதில் சேர்க்கவில்லை. உங்கள் குழுவில் பிளெஸ் (குறியைக் கூட்டும் மந்திரம்) போடுபவர் இருந்தால் ஃபீட் பக்கம் சாயுங்கள்.  தவறாக எடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை: முகாமில் இருக்கும் விதர்ஸிடம் 100 தங்கம் கொடுத்தால் வகுப்பு, திறன் எண், ஃபீட் எல்லாவற்றையும் மாற்றலாம்.

வேறு கேம் என்றால் நீங்களே அளந்து பாருங்கள், 20 நிமிட வேலை. புள்ளி கைக்கு வந்ததும் தனிச் சேவ் ஒன்று போடுங்கள். ஆட்டோசேவை நம்ப வேண்டாம், அது மேலெழுதிவிடும். ஒரே எதிரியை, ஒரே ஆயுதத்தால், எத்தனை அடியில் வீழ்த்துகிறீர்கள் என்று ஐந்து முறை எண்ணுங்கள். பிறகு ஸ்கில்லில் போட்டு ஐந்து முறை, சேவைத் திருப்பி எடுத்து பெர்க்கில் போட்டு ஐந்து முறை. இடையில் டிஃபிகல்ட்டியை மாற்றினால் கணக்கு கெட்டுவிடும். அடி எண்ணிக்கையில் வித்தியாசமே தெரியவில்லை என்றால் அந்தப் புள்ளியை சண்டைக்கு வெளியே, ஒரு வாசலுக்காகச் செலவழியுங்கள்.

சைபர்பங்க் 2077இல் இதற்கு சேவ் கூட வேண்டாம். 2023 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பு முதல் பெர்க்குகளைச் செலவில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆட்ரிபியூட்டுகளை (பாத்திரத்தின் அடிப்படைத் திறன் எண்கள்) ஒரே ஒரு முறைதான் மாற்ற முடியும். பெரிய பெர்க்குகள் ஆட்ரிபியூட் 4, 9, 15, 20இல் திறக்கும். 16இல் நிறுத்துபவர் ஒரு புள்ளியைச் சும்மா வைத்திருக்கிறார். பெர்க்கை இஷ்டத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஆட்ரிபியூட்டில் மட்டும் கைவைக்கும் முன் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக்கொள்ளுங்கள்.