பாதி மட்டும் பிடித்த எபிசோடைப் பற்றி எழுதுவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழ் வீடுகளில் சூப்பர் ஹீரோ குடும்பத் தொடர் ஓடும்போது பேரப்பிள்ளைக்குச் சண்டையும் ஆயாவுக்கு அந்த வீட்டாரின் மனத்தாங்கலும் பிடித்துப்போவது இயல்பு. இந்த இரண்டு ரசனையும் ஒரே ஆளுக்குள் மோதும்போதுதான் விமர்சனம் எழுதுவது கடினமாகிறது. அப்போது தயவுசெய்து 'பரவாயில்லை' என்று முடித்துவிடாதீர்கள். பிடித்ததையும் பிடிக்காததையும் கூட்டிக் கழித்தால் இரண்டும் மறைந்துபோகும்.

முதலில், அந்தத் தொடர் எதைச் சொல்லப் புறப்பட்டது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 2010 செப்டம்பர் 28 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'நோ ஆர்டினரி ஃபேமிலி'யை எடுத்துக்கொள்வோம். பிரேசிலில் விமான விபத்தில் பிழைத்த பவல் குடும்பத்தில், காவல்துறைக்குப் படம் வரைந்துகொண்டு, தன்னால் யாருக்கும் பயனில்லை என்று வாடும் தந்தை ஜிம்முக்கு உடல் வலிமையும், ஆய்வகப் பணியால் வீட்டுக்கு நேரமே ஒதுக்க முடியாத தாய் ஸ்டெஃபனிக்கு வேகமும், படிப்பில் திணறும் மகன் ஜேஜேக்கு அபார அறிவும், மகள் டாஃப்னிக்குப் பிறர் எண்ணங்களைக் கேட்கும் திறனும் வாய்க்கின்றன. குறைக்கேற்ற சக்தி என்ற இந்தப் பொருத்தமே தொடரின் உயிர் என்பது என் கருத்து. ஆகவே, சக்தி அந்தக் குறையைத் தொடுகிறதா, குற்றவாளியைப் பிடிக்க மட்டும் உதவுகிறதா என்று காட்சிதோறும் கேளுங்கள்.

பிறகு எபிசோடை மறுபடி பார்த்து, மனம் ஒன்றிய இடத்தையும் விலகிய இடத்தையும் காட்சியின் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். முதல் எபிசோடில், காவல் நிலையத்தில் பாய்ந்து வரும் தோட்டாவை ஜிம் கையால் பிடிக்கும் நொடியில் அவருடைய வலிமையும் தன்மதிப்பும் ஒருசேர வெளிப்படுவதால் அந்தக் காட்சி நிலைக்கிறது. விபத்து, நால்வரின் சக்தி, மறைந்திருக்கும் எதிரி என எல்லாவற்றையும் அந்த ஒரே எபிசோடில் திணித்ததால் பிள்ளைகளின் பகுதி அவசரமாகக் கடந்துபோகிறது. எனக்கு அது உண்மையான வருத்தம்.

எழுதும்போது பாராட்டைத் தொடக்கத்தில் கொட்டிவிட்டுக் குறையைக் கடைசியில் வைக்க வேண்டாம். தந்தைக்குக் கிடைத்த நேரம்தான் பிள்ளைகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதுபோல, ஒன்றுக்கு மற்றது எப்படிக் காரணமாயிற்று என்று விளக்குங்கள். இருபது எபிசோடுகளோடு 2011-இல் தொடர் நின்றுபோனதை வைத்து முதல் எபிசோடைக் குறைத்து மதிப்பிடுவதும் நியாயமில்லை. எதிரி யார் என்பதைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால், இன்னும் பார்க்காதவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வரி எச்சரிக்கை கொடுங்கள்.